அம்மா இருக்கும்போதே வாருங்கள்



இந்தக் கூட்டத்துக்கு இரண்டு தரப்பினரை அழைத்திருந்தோம். முன்னால் இருப்பவர்கள் அறிவுசார் குறைபாடு போன்ற குறைபாடுகள் உள்ள பிள்ளைகளின் பெற்றோர்கள். பின்னால் இருப்பவர்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், தாலுகா ஆபீசில் வேலை பார்த்தவர்கள், நர்ஸுகள், கடை வைத்திருப்பவர்கள். "எங்க வீட்ல அப்படிப் பிள்ளைங்க யாரும் இல்லையே, எங்களை எதுக்குக் கூப்பிட்டீங்க?" என்று வாசலிலேயே ஒருவர் கேட்டார். ஐயா, உங்கள் வீட்டில் யாரும் இல்லை என்பதால்தான் உங்களைக் கூப்பிட்டோம்.

முன்வரிசையில் இருக்கும் அத்தனை பேரிடமும் ஒரு கேள்வி இருக்கிறது. டாக்டரிடம் கேட்கிறார்கள், சாமியிடம் கேட்கிறார்கள், ராத்திரி தூக்கம் வராதபோது தங்களையே கேட்டுக்கொள்கிறார்கள். "எங்களுக்கு அப்புறம் இவனை யாரு பார்த்துக்குவா?" முப்பது வருஷம், நாற்பது வருஷம் அந்தப் பிள்ளையைத் தூக்கிச் சுமந்தவர்களிடமே இந்தக் கேள்வியையும் சுமக்கச் சொல்லி விட்டுவிட்டோமே, இது நியாயமா? பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள் மட்டும்தானா? அந்தக் கேள்வியை இன்று பின்வரிசைக்குக் கொண்டுபோகவே நான் வந்திருக்கிறேன்.

இன்றைய தலைப்பு, தொண்டாகச் செய்யும் சட்டப்பூர்வ பாதுகாவலர் பணி. வளர்ந்துவிட்ட ஒரு மனிதர். அவருக்கு அறிவுசார் குறைபாடு இருக்கலாம், ஆட்டிசம் இருக்கலாம், மூளை முடக்குவாதம் இருக்கலாம். அவர் உங்களுக்கு ரத்த உறவு இல்லை. ஆனாலும் வங்கியில், ஆஸ்பத்திரியில், பத்திர ஆபீசில் அவர் பக்கத்தில் சட்டப்படி நிற்க நீங்கள் ஒப்புக்கொள்கிறீர்கள். நாம் வழக்கத்தில் சொல்லும் 'கார்டியன்' இதுதான். இதைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றே ஒன்று. பெற்றவர்கள் உயிரோடு இருக்கும்போதே வாருங்கள். அதிகாரத்தைக் குறைவாக எடுத்துக்கொள்ளுங்கள். அறிமுகத்தை நிறைய எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கவலை நம் பாட்டன்மார்களுக்கு இந்த அளவுக்கு இல்லை. காரணம் கொடுமையானது. இப்படிப் பிறந்த பிள்ளைகளில் பலர் அன்றைக்குப் பெற்றோருக்கு முன்னாலேயே போய்விட்டார்கள். அமெரிக்காவில் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் சராசரி ஆயுள் 1983-இல் 25 வயது. இன்றைக்கு அது 60-ஐத் தொட்டிருக்கிறது. இதய அறுவை சிகிச்சை வந்தது, நல்ல மருந்துகள் வந்தன, பெரிய விடுதிகளில் அடைத்துப்போடும் வழக்கம் குறைந்தது. நம் நாட்டிலும் அந்தப் பிள்ளைகள் இப்போது நாற்பதைத் தாண்டுகிறார்கள், ஐம்பதைத் தாண்டுகிறார்கள். மகிழ்ச்சியான செய்தி. ஆனால் ஐம்பது வயது மகனுக்கு அம்மாவின் வயது என்ன இருக்கும்? கணக்குப் போட்டுப் பாருங்கள். 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பில், அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் என்று பதிவானவர்கள் மட்டும் இந்தியாவில் 15 லட்சத்துக்கும் மேல். அத்தனை வீடுகளிலும் இந்தக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

நான் வங்கியில் வேலை பார்த்தவன். கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்த ஒரு காட்சியைச் சொல்கிறேன். நாற்பது வயதைத் தாண்டிய ஒருவரைத் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் கைப்பிடித்து அழைத்துவந்தார். அந்த மகனுடைய அப்பா தபால் துறையில் இருந்து இறந்தவர். அம்மா குடும்ப ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருந்தார். அம்மாவும் போய்விட்டார். சம்பாதிக்க முடியாத அளவுக்குக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு அந்த ஓய்வூதியம் ஆயுள் முழுக்க உண்டு. அது சலுகை இல்லை, உரிமை. மகன் ஒரு மஞ்சள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே அம்மாவின் பாஸ்புக், அம்மாவின் கண்ணாடிக் கூடு. பாஸ்புக்கைப் பார்க்கக் கேட்டோம். தரவில்லை. தையல்காரர் சொன்னார், "அதைக் குடுத்தா அம்மா திரும்ப வரமாட்டாங்கன்னு நினைக்கிறாரு சார்."

உரிமை இருந்தது. பணம் இருந்தது. கையெழுத்துப் போடத்தான் ஆள் இல்லை. "கார்டியன் சான்றிதழ் வேணும்" என்றோம். "நானே ஆயிடறேன் சார், எங்க போகணும்?" என்றார் தையல்காரர். அந்த ஈரமான மனசுக்கு அன்றைக்கு எங்களால் நல்ல பதில் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் தையல்காரர் பாதுகாவலராக ஆகலாம், ஆனால் தன்னை நியமிக்கச் சொல்லித் தானே மனுப் போட முடியாது. யார் மனுப் போட வேண்டும்? சட்டம் அதைத் தெளிவாகச் சொல்கிறது. இந்த இடத்தைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். இந்தப் பேச்சின் உயிரே இங்கேதான் இருக்கிறது.

18 வயது நிறைந்துவிட்டால் இந்தியாவில் எவரும் மேஜர். அப்பா அம்மா இயற்கைப் பாதுகாவலர்கள் என்பது 18 வயது வரைக்கும்தான். மகனுக்கு இன்னும் சட்டைப் பொத்தான் போடத் தெரியாது, அம்மாதான் போட்டுவிடுகிறார். இருந்தும் 18-ஆவது பிறந்தநாள் தாண்டியதும், சட்டத்தின் பார்வையில் அம்மா அவருக்காகக் கையெழுத்துப் போட முடியாது. இது தெரியாமலேயே எத்தனையோ வீடுகள் இருக்கின்றன. இந்த இடைவெளியை நிரப்ப வந்ததுதான் 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் உரியது. மனநோய் வேறு. அதற்கு 2017-இல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் தனி.

இந்தச் சட்டப்படி மாவட்டந்தோறும் ஓர் உள்ளூர்க் குழு உண்டு. லோக்கல் லெவல் கமிட்டி என்பார்கள். கலெக்டர் ஒருவர், பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி ஒருவர், மாற்றுத்திறனாளி ஒருவர், ஆக மூன்று பேர். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது அவர்கள் கூட வேண்டும். மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டால் படிவம் கிடைக்கும். கோர்ட்டு, வக்கீல் என்று அலைய வேண்டாம். அந்தச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு சொல்கிறது: பெற்றோரோ உறவினரோ, தாங்கள் விரும்பும் எவரையும் பாதுகாவலராக நியமிக்கக் கோரலாம். எவரையும்! சித்தப்பாவாக இருக்க வேண்டியதில்லை, மாமாவாக இருக்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம், பழைய டீச்சராக இருக்கலாம், தையல்காரராக இருக்கலாம். பெற்றவர்களின் கையில் சட்டம் இவ்வளவு பெரிய உரிமையைக் கொடுத்திருக்கிறது.

அந்த உரிமை எத்தனை நாளைக்கு? பெற்றவர்கள் இருக்கும் வரைக்கும். அவர்கள் போன பிறகு, ரத்தத்தாலோ திருமணத்தாலோ தத்தெடுப்பாலோ உறவான ஒருவர் மனுப் போட வேண்டும். இல்லையென்றால் பதிவு பெற்ற நிறுவனம் ஒன்று போட வேண்டும். அந்தத் தையல்காரர் தெருமுழுக்க விசாரித்து, எங்கேயோ இருந்த ஒரு தூரத்து உறவினரைக் கண்டுபிடித்துக் கையெழுத்து வாங்கி வருவதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன. அதுவரை அந்த மகனுக்குத் தெருதான் சோறு போட்டது. அம்மா உயிரோடு இருந்தபோது ஒரே ஒரு படிவத்தில் ஒரு பெயரை எழுதியிருந்தால் இவ்வளவும் தேவைப்பட்டிருக்காது. ஆனால் அந்த அம்மா யார் பெயரை எழுதியிருப்பார்? நாம் யாராவது போய் "என் பேரை எழுதுங்கம்மா" என்று சொல்லியிருந்தோமா?

சொத்து விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெற்றோர்களே, கேளுங்கள். 1956-க்கு முன்னால், நம் பக்கத்தில் வழங்கிய இந்துச் சட்டத்தில், பிறவியிலேயே அறிவுக் குறைபாடு உள்ளவருக்கு வாரிசுரிமை கிடையாது. மற்றக் குறைபாடுகளுக்கு இருந்த தடையை 1928-இல் ஒரு சட்டம் நீக்கியபோதுகூட, இவர்களை மட்டும் வெளியிலேயே நிறுத்தி வைத்தது. 1956-இன் இந்து வாரிசுரிமைச் சட்டம், 28-ஆவது பிரிவு, அந்தக் கதவைத் திறந்தது. நோய், குறை, ஊனம் எதையும் காட்டி ஒருவரின் வாரிசுரிமையைத் தடுக்க முடியாது. அப்படிக் கிடைத்த உரிமையை, "அண்ணன் பார்த்துக்குவான்" என்ற வாய்ப்பேச்சை நம்பி, முழுவதையும் மூத்தவன் பெயருக்கு எழுதிவைக்கும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. அண்ணன் நல்லவனாகவே இருக்கட்டும். அண்ணனுக்கும் வயதாகும், அண்ணனுக்கும் நோய் வரும், அண்ணனுக்குப் பின் அந்தச் சொத்து அண்ணன் பிள்ளைகளுக்குப் போகும். தம்பியின் பங்கு தம்பியின் பெயரில் இருக்கட்டும். அதைக் காக்கத்தான் பாதுகாவலர்.

சரி, பாதுகாவலர் என்ன செய்ய வேண்டும்? பின்வரிசையில் இருப்பவர்களின் மனதில் ஓடுவது எனக்குத் தெரிகிறது. "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணுமா? நம்ம காசைப் போட்டு வளர்க்கணுமா?" குழு உங்களை எதற்காக நியமிக்கிறது என்பதைப் பொறுத்தது அது. இவருக்குப் பாதுகாவலர் தேவையா, தேவை என்றால் எந்தெந்த நோக்கத்துக்கு, இந்த இரண்டையும் குழு பார்த்தாக வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஆகவே படிவத்தில் நோக்கத்தைக் கூர்மையாக எழுதச் சொல்லுங்கள். வங்கிக் கணக்கா, ஓய்வூதியமா, மருத்துவமா, வீட்டு வாடகையா? எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும். ஒப்புக்கொள்வதற்கு முன்னால் ஒவ்வொரு வரியையும் படியுங்கள். அவர் தங்குவது இல்லமாக இருக்கலாம், அக்கா வீடாக இருக்கலாம். அவருக்கு வர வேண்டிய உதவித்தொகை வருகிறதா, நிராமயா திட்டத்தில் ஒரு லட்ச ரூபாய் வரைக்கான மருத்துவக் காப்பீடு புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா, போட்டிருக்கும் சட்டை அவருடைய அளவுதானா, இதையெல்லாம் நேரில் போய்ப் பார்ப்பதுதான் உங்கள் வேலை.

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், ஓர் இல்லத்தில் தங்கியிருக்கும், ஐம்பதை நெருங்கும் ஒருவருக்குப் பாதுகாவலராக இருக்கிறார். அவர் இவரை "வாத்தியாரய்யா" என்பார். இவர் அவரைத் "தம்பி" என்பார். ஆரம்பத்தில் தம்பியின் கைச்செலவுக்கு வாத்தியார் ஐந்நூறு ரூபாய்த் தாள் கொடுத்தார். தம்பி அதை வாங்கவே மாட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். "பணம்னா என்னன்னு தெரியல போலிருக்கு, கையில குடுக்க வேணாம்" என்று இல்லத்தில் சொன்னார்கள். வாத்தியார் விடவில்லை. தம்பியோடு டீக்கடைக்குப் போய் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவர் பத்து ரூபாய்த் தாளை எடுத்ததும் தம்பியின் கண் அதன் மேலேயே போனது. அம்மா அவருக்குக் காலமெல்லாம் பத்து ரூபாய்த் தாள்தான் கொடுத்திருக்கிறார்! ஐந்நூறு ரூபாய் அவருக்கு வெறும் காகிதம். பத்து ரூபாய் பணம். அன்றிலிருந்து வாரா வாரம் வாத்தியார் பத்து ரூபாய்க் கட்டு ஒன்றை மாற்றிக்கொண்டு போகிறார். தம்பி அதை எண்ணுவதில்லை, தடவிப் பார்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். ரெண்டு தாள் கொடுத்து டீ வாங்குவார், மூணு தாள் கொடுத்து வடையும் சேர்த்து வாங்குவார். மீதிச் சில்லறையைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்கவும் இப்போது கற்றுக்கொண்டுவிட்டார்.

அந்த இல்லத்தார் சொன்னபடி கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தம்பியின் கையில் இனி ஒரு நாளும் பணம் இருந்திருக்காது. டீ யாராவது வாங்கித் தந்திருப்பார்கள். வயிறு நிறைந்திருக்கும். ஆனால் தானே போய், தானே கொடுத்து, தானே வாங்கிக் குடிக்கும் அந்த மனிதர் காணாமல் போயிருப்பார். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வரையறுக்கப்பட்ட பாதுகாவலர் என்று ஒன்றைப் பேசுகிறது. பாதுகாவலரும் அவரும் ஒருவரையொருவர் புரிந்து, நம்பி, சேர்ந்து முடிவெடுப்பது என்று அதற்கு விளக்கம் தருகிறது. துணை நிற்பவர் தன் விருப்பத்தைத் திணிக்கக் கூடாது, பண விவகாரத்தில் தன் நலனும் அவர் நலனும் மோதினால் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது. வாத்தியார் அந்தச் சட்டத்தைப் படித்தவர் இல்லை. டீக்கடை பெஞ்சில் அதைத்தான் செய்தார்.

இனி, பேசக் கனமான ஒன்றைப் பேச வேண்டும். பாதுகாவலரின் கையெழுத்துக்கு வலிமை உண்டு. அது சில இடங்களில் போடப்படாமல் இருக்க வேண்டும். 1994-இல் புனேயில் நடந்ததைக் கேளுங்கள். ஷிரூர் என்ற ஊரில் அரசு இல்லத்தில் இருந்த, அறிவுசார் குறைபாடு உள்ள பெண்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து கர்ப்பப்பையை எடுத்தார்கள். அவர்களுக்கு நோயா? நோய் இல்லை. மாதவிலக்கின்போது பார்த்துக்கொள்வது சிரமமாக இருக்கிறது என்பது சொல்லப்பட்ட காரணம்! பெண்கள் அமைப்புகள் கொதித்தெழுந்த பிறகுதான் அது நின்றது. அந்தப் பெண்களில் ஒருத்திக்காவது, "கொஞ்சம் இருங்க, இவளுக்கு என்ன நோய்னு சொல்லுங்க" என்று கேட்க வெளியிலிருந்து ஓர் ஆள் இருந்தாரா? ஒருவர், ஒரே ஒருவர் இருந்திருந்தால்? இன்றைக்குச் சட்டம் மாறிவிட்டது. தெளிவாகப் புரிந்துகொண்டு தானே தரும் சம்மதம் இல்லாமல், கருத்தரிக்க முடியாமல் செய்யும் எந்தச் சிகிச்சையையும் எந்த மாற்றுத்திறனாளிக்கும் செய்யக் கூடாது என்கிறது 2016 சட்டம். ஆனால் சட்டப் புத்தகம் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் வந்து நிற்காது. மனிதர்தான் வந்து நிற்க வேண்டும்.

2009-இல் சண்டிகரில் இன்னொரு வழக்கு. அரசு இல்லத்தில் இருந்த, லேசான அறிவுசார் குறைபாடு உள்ள ஓர் இளம்பெண் பாலியல் வன்கொடுமையால் கருவுற்றாள். பெற்றோர் இல்லாதவள். கருவைக் கலைக்க அனுமதி கேட்டு நிர்வாகம் நீதிமன்றத்துக்குப் போனது. உயர் நீதிமன்றம் அனுமதி கொடுத்தது. அந்தப் பெண் என்ன சொன்னாள்? குழந்தை வேண்டும் என்றாள். உச்ச நீதிமன்றம் அதைக் காது கொடுத்துக் கேட்டது. தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் இருந்த அமர்வு, அவள் சம்மதம் இல்லாமல் கலைக்க முடியாது என்றது. மனநோய்க்கும் அறிவுசார் குறைபாட்டுக்கும் சட்டத்தில் வித்தியாசம் இருக்கிறது, இவளுக்குப் பதிலாக இன்னொருவர் சம்மதம் சொல்ல முடியாது என்று விளக்கியது. அவளையும் பிள்ளையையும் பார்த்துக்கொள்ள உதவுகிறோம் என்று தேசிய அறக்கட்டளையின் தலைவர் நீதிமன்றத்தில் எழுத்து மூலம் சொன்னார். அது சரியான முடிவா என்று அன்றைக்குப் பலர் வாதாடினார்கள். என் மனதில் சந்தேகமே இல்லை. ஒருத்தி தன் உடம்பைப் பற்றிச் சொன்ன சொல்லை நாட்டின் உச்ச நீதிமன்றம் மதித்தது. நீங்கள் பாதுகாவலர் ஆனால், ஆஸ்பத்திரியில் அந்த இடத்தில் உட்காரப்போவது நீங்கள்தான்.

கடல் கடந்து ஓர் உதாரணம். அமெரிக்காவில், வர்ஜீனியா மாநிலத்தில் ஜென்னி ஹாட்ச் என்ற பெண். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர், வயது 29. பழைய பொருட்களை விற்கும் ஒரு கடையில் வேலை பார்த்தார். ஒரு விபத்துக்குப் பிறகு அவரைப் பாதுகாவலர் பொறுப்பில் இல்லத்தில் வைத்தார்கள். வேலை போனது. நண்பர்களைப் பார்க்க முடியவில்லை. தான் விரும்பும் இடத்தில் வாழ வேண்டும் என்று ஜென்னி வழக்காடினார். 2013 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. கடையை நடத்திய தம்பதியோடு போய் இருக்கலாம் என்றார் நீதிபதி. ரத்த உறவு இல்லாத அந்தத் தம்பதியைப் பாதுகாவலர்களாக நியமித்தார். எத்தனை காலத்துக்கு? ஒரு வருஷத்துக்கு மட்டும். அந்த ஒரு வருஷத்துக்குள், துணையோடு தன் முடிவைத் தானே எடுக்க ஜென்னியைத் தயார்படுத்த வேண்டும், அதன் பிறகு பாதுகாவலர் வேண்டாம் என்றார். பாருங்கள், அந்தப் பதவியே தேவையில்லாமல் போக வேண்டும் என்பதற்காகக் கொடுக்கப்பட்ட பதவி அது!

ஜெர்மனியை எடுத்துக்கொள்ளுங்கள். வளர்ந்த ஒருவரின் சட்ட உரிமைகளை ஒட்டுமொத்தமாகப் பறிக்கும் பழைய முறையை 1992-இல் அங்கே ஒழித்துவிட்டார்கள். தேவைப்படும் விஷயத்துக்கு மட்டும் சட்டத் துணைவர் ஒருவரை நீதிமன்றம் நியமிக்கிறது. சம்பளம் வாங்கும் தொழில்முறைத் துணைவருக்கு முன்னால், தொண்டாகச் செய்யத் தகுந்தவர் கிடைப்பாரா என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். 2023-இல் சட்டத்தைத் திருத்தி, அந்த மனிதரின் விருப்பமே துணைவருக்கு வழிகாட்டி என்று இன்னும் அழுத்தமாக எழுதினார்கள். உறவில்லாத தொண்டர், பயிற்சியும் ஆலோசனையும் தரும் ஒரு சங்கத்தோடு ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும் என்றும் விதித்தார்கள். சந்தேகம் வந்தால் கேட்க ஓர் இடம் இருக்கிறது. நமக்கு இல்லாதது அதுதான். நல்ல மனத்துக்கு இங்கே பஞ்சம் இல்லை, தையல்காரரைப் பார்த்தோமே! அந்த மனதைத் தாங்கிப் பிடிக்கத்தான் ஆள் இல்லை. ஒவ்வொரு மாவட்டத்திலும் பதிவு பெற்ற நிறுவனங்கள் இருக்கின்றன. தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுங்கள், படிவம் எழுதச் சொல்லிக்கொடுங்கள், குழு வேளாவேளைக்குக் கூடுகிறதா என்று கேளுங்கள். மேடையில் இருக்கும் நிறுவனத்தாரை வைத்துக்கொண்டே கேட்கிறேன், இது உங்களால் முடியாததா?

"ஊர் தப்பாப் பேசுமே சார், சொத்துக்காக ஒட்டிக்கிட்டான்னு சொல்லுவாங்களே" என்று ஒரு நண்பர் என்னிடம் கேட்டார். பேசட்டும், ஊர் சந்தேகப்படுவது நல்லது. இப்படிப்பட்டவர்களின் சொத்தைத் தின்றவர்கள் இருக்கிறார்கள், உறவிலேயே இருக்கிறார்கள். அதனால்தான் சட்டம் கணக்குக் கேட்கிறது. நியமனமான ஆறு மாதத்துக்குள் அவருடைய சொத்து, கடன், வரவேண்டியது எல்லாவற்றையும் பட்டியல் போட்டுக் குழுவிடம் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்து மூன்று மாதத்துக்குள் வரவு செலவு கொடுக்க வேண்டும். பாதுகாவலர் கொடுமைப்படுத்தினாலோ, கவனிக்காமல் விட்டாலோ, சொத்தைக் கையாடினாலோ, பெற்றோரும் உறவினரும் பதிவு பெற்ற நிறுவனமும் அவரை நீக்கச் சொல்லி மனுப் போடலாம். பெண்ணுக்குத் தனி ஆண் பாதுகாவலராக முடியாது என்ற விதியும் இருக்கிறது. மனைவியோடு சேர்ந்து வாருங்கள். வங்கிக்காரனாகச் சொல்கிறேன், ஒரு நோட்டுப் போடுங்கள், ஒவ்வொரு ரசீதையும் ஒட்டி வையுங்கள், பத்து ரூபாய்க் கட்டு மாற்றியதைக்கூட எழுதுங்கள். உள்ளூர்க் குழு தரும் சான்றிதழை ஏற்றுக் கணக்குத் தொடங்கலாம் என்று 2007-லேயே ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் சொல்லிவிட்டது. கவுன்ட்டரில் யாராவது தெரியாது என்றால் ரிசர்வ் வங்கியின் விதியைக் காட்டுங்கள்.

ஆனால் சான்றிதழ் சொல்லித்தராத விஷயங்கள் இருக்கின்றன. ஒரு டீச்சரம்மா, தன்னிடம் படித்த பையனின் தாயாரைப் பார்க்க மாதம் இரண்டு முறை அவர்கள் வீட்டுக்குப் போய்வருகிறார். பையனுக்கு இப்போது முப்பது வயதுக்கு மேல். பேச்சு வராது. இன்னும் மனுப் போடவில்லை. போய் உட்கார்ந்து பேசிவிட்டு வருவதோடு சரி. ஒரு நாள் அவன் இடது காதை இழுத்துக்கொண்டே இருந்தான். டீச்சர் சொன்னார், "காது வலிக்குது போலம்மா, சொட்டு மருந்து போடலாமா?" தாயார் அடுப்படியிலிருந்தே, "காது இல்ல டீச்சர், பல்லு. பல்லு வலிச்சா இவன் காதைத்தான் இழுப்பான். வயிறு வலிச்சா சத்தமே போடமாட்டான், சுவத்தைப் பார்த்துப் படுத்துக்குவான். அதுதான் பயம்" என்றார்.

இது எந்த மருத்துவச் சீட்டில் இருக்கிறது? எந்த அடையாள அட்டையில் இருக்கிறது? உலகத்திலேயே ஒரே ஒருவருக்குத் தெரிந்த செய்தி அது. அன்றைக்கு இரண்டு பேருக்குத் தெரிந்தது. அந்தத் தாயார் திடீரென்று இல்லாமல் போயிருந்தால், அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும்போது, "சமத்தா இருக்கான்" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். பெற்றோர் இறந்த பிறகு வரும் பாதுகாவலர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இதைக் கற்றுக்கொள்ள வழியே இல்லை. கற்றுக்கொடுக்க ஆள் இல்லை. அதனால்தான் சொல்கிறேன், திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அம்மா இருக்கும்போதே வாருங்கள். அம்மா கையால் ஒரு வாய் காப்பி குடியுங்கள். அவன் எதற்குச் சிரிப்பான், எதற்குக் கத்துவான், எந்தச் சட்டையைப் போட்டால் கழற்றி எறிவான் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவனுக்கும் உங்கள் முகம் பழகட்டும். அவனுக்கு உங்களைப் பிடிக்கவில்லை என்றால் அதையும் மதியுங்கள். வேறொருவரை அனுப்புங்கள்.

பெற்றோர்களே, உங்களிடமும் ஒரு வார்த்தை. கதவைத் திறந்து வையுங்கள். "எங்க புள்ளையை எங்களுக்குத்தான் தெரியும், அடுத்தவங்களுக்கு என்ன தெரியும்" என்பீர்கள். உண்மைதான். அப்படியே விட்டால் நாளைக்கும் அடுத்தவருக்குத் தெரியாது. அவர்கள் தப்பும் தவறுமாகச் சோறு ஊட்டட்டும், நீங்கள் பக்கத்தில் இருந்து திருத்துங்கள். இரண்டு நாள் அவர்கள் பொறுப்பில் பிள்ளையை விட்டுவிட்டு ஒரு கல்யாணத்துக்குப் போய்வாருங்கள். கடைசியாக நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கல்யாணத்துக்குப் போனது எப்போது?

வெளியே வராந்தாவில் ஒரு மேஜை போட்டிருக்கிறார்கள். மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலிருந்து வந்தவர்கள் படிவங்களோடு உட்கார்ந்திருக்கிறார்கள். பின்வரிசையில் இருப்பவர்கள் இன்றைக்கு எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போட வேண்டாம். பெயரையும், எந்தத் தெரு, எந்த ஊர் என்பதையும் மட்டும் எழுதிக்கொடுங்கள். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் குடும்பம் எது என்று அவர்கள் சொல்வார்கள். முதலில் போய்வாருங்கள். போய்வந்த பிறகு, அந்தக் குடும்பமும் நீங்களும் பேசி, பிடித்திருந்தால் மனுவைப் பற்றி யோசிக்கலாம். பெற்றோர்கள் தங்கள் பிள்ளைக்கு 18 ஆகிவிட்டதா, சான்றிதழ் வாங்கியாயிற்றா என்பதை மேஜையில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அப்பா அம்மாவே இன்னும் சட்டப்படி பாதுகாவலர் ஆகவில்லை என்றால் அந்த மனுவை முதலில் போடுங்கள்.

இனி நீங்கள் கேளுங்கள். முதல் கேள்வி பின்வரிசையிலிருந்து வரட்டும். தம்பி, அந்த மைக்கைக் கடைசி பெஞ்சுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பா.